நான் நீக்கிய பதினெட்டு வரிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் காரைக்குடி செக்காலையில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியையும் சேர்த்து மொத்தமே மூன்று பேர். சென்னையில் ஆறு வருடம் இருந்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பியவள் நான். சம்பந்தப்பட்டவர்களைத் தவிர வேறு யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. என் கணவருக்கே பாதிதான் தெரியும்.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். காரைக்குடியில் தலைமை லேப். கீழச்சிவல்பட்டி, காளையார்கோவில் போன்ற ஊர்களில் ரத்தம் எடுத்து அனுப்புவதற்கு மட்டும் சிறு கிளைகள். காலையில் அங்கே எடுக்கும் ரத்தம் வண்டியில் காரைக்குடிக்கு வரும். மதியத்துக்குள் முடிவு அவரவர் செல்போனுக்குப் போய்விடும். பெயரைப் பதிவதிலிருந்து முடிவை அனுப்புவது வரை எல்லாவற்றையும் செய்வது எங்கள் அலுவலகம் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு எழுதிக்கொடுத்த மென்பொருள்.

பழைய மென்பொருள் என்றால் பழைய வீடு மாதிரிதான். ஒழுகின இடத்தில் ஒட்டு, விரிந்த இடத்தில் பூச்சு. யார் எதற்காகப் போட்டார்கள் என்பது காலப்போக்கில் மறந்துபோகும். லேப்காரர்கள் 'ரொம்ப மெதுவா ஓடுது' என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒட்டுகளில் எது இன்னும் தேவை, எது தேவையில்லை என்று சோதித்து, தேவையில்லாததை எடுத்துவிடச் சொல்லி முதலாளி என்னிடம் கொடுத்தார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஓர் இடத்தில், ஒவ்வொரு தாளும் அச்சாவதற்கு முன் ஐந்து விநாடி சும்மா காத்திருக்கும்படி எழுதியிருந்தது. விசாரித்தால், முன்பு அவர்களிடம் இருந்த ஒரு பிரிண்டர் வேகமாக அனுப்பினால் சிக்கிக்கொள்ளுமாம். அந்தப் பிரிண்டரை எடைக்குப் போட்டே பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் மென்பொருள் அதற்காக ஐந்து ஐந்து விநாடியாகக் காத்துக்கொண்டிருந்தது. இப்படிப் பல. நான் கண்மூடித்தனமாக எதையும் எடுக்கவில்லை. மென்பொருளுக்கு ஒரு நகல் எடுத்து, ஒட்டை நீக்கி, மூன்று மாதத்துப் பழைய பதிவுகளைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, வருகிற முடிவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றுபோல இருந்தால் அந்த ஒட்டு தேவையில்லை. அப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு பிரச்சினையும் வரவில்லை. லேப் முதலாளி போன் போட்டுப் பாராட்டினார்.

அப்படி வந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் பதினெட்டு வரிகள் கண்ணில் பட்டன. மேலே ஒரு குறிப்பு. 'இதை எடுக்க வேண்டாம்' என்று மட்டும் இருந்தது. ஏன் என்று இல்லை.

அந்த வரிகள் செய்தது இதுதான். ஒரே நாளில், ஒரே கிளையில், ஒரே பெயரில் இரண்டாவது ஆள் பதிவானால், மென்பொருள் நின்று, இரண்டு பேருடைய கணவர் அல்லது தகப்பனார் பெயரையும் கேட்கும். அதைக் கொடுத்தால்தான் மேலே போகும். கொடுத்ததை அவரவர் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளும். எங்கள் பக்கம் ஒரே பெயர் ஏராளம். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள், குலதெய்வத்தின் பேரை ஊரில் பாதிப் பேருக்கு வைப்பார்கள். அதனால் தினமும் எங்காவது ஓர் இடத்தில் அது நிற்கும். அங்கே ரத்தம் எடுக்கிற பெண்கள் அதைத் திட்டிக்கொண்டே பெயரைப் போடுவார்கள்.

ஆனால் இப்போது ரத்தக் குழாய் ஒவ்வொன்றிலும் கோடு கோடாக ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இயந்திரம் அந்தக் கோட்டைத்தான் படிக்கிறது, பெயரைப் பார்ப்பதே இல்லை. பத்துப் பேருக்கு ஒரே பெயர் இருந்தாலும் குழப்பம் வர வழியில்லை. இந்த வரிகள் ஸ்டிக்கர் வருவதற்கு முந்தின காலத்துச் சரக்கு என்று எனக்குத் தோன்றியது.

இருந்தாலும் குறிப்பு உறுத்தியது. அதை எழுதியவர் எங்கள் அலுவலகத்தில் முன்பு இருந்தவர், இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். அவருக்கு வாட்ஸப்பில் கேட்டேன். 'ஞாபகம் இல்லம்மா. அப்ப ஏதோ பிரச்சினை வந்துச்சு. டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு எடுத்துரு' என்று பதில் வந்தது.

டெஸ்ட் பண்ணினேன். மூன்று மாதத்துப் பதிவுகள். பழையதிலும் புதியதிலும் ரத்தத்தின் அளவுகளில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான், சில பெயர்களுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அந்த வால் இல்லை. அது வெறும் அலங்காரம் என்று முடிவு செய்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் பதினெட்டு வரிகளையும் நீக்கினேன். அன்றைக்குக் கிளைகளில் இருந்த பெண்கள், 'இப்பத்தான் வேலை சடசடன்னு ஓடுது' என்று சொன்னதாகக் கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

நாலாவது வாரம் சனிக்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். லேபின் மூத்த டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குரலில் பதற்றத்தைக் காட்டாதவர். அன்றும் காட்டவில்லை. ஆனால், "நீ எங்க இருக்க? உடனே இங்குட்டு வா" என்றதிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். முந்தைய நாள் வெள்ளிக்கிழமை, காளையார்கோவில் கிளையில் ஸ்டிக்கர் அடிக்கும் மெஷினில் ரோல் தீர்ந்துவிட்டது. அது அடிக்கடி நடப்பதுதானாம். எனக்கு அன்றுதான் தெரியும். அப்படி நடந்தால் குழாயின் மேல் பேனாவால் பெயரை எழுதி அனுப்பிவிடுவார்கள். காரைக்குடியில் அந்தப் பெயரைத் திரையில் தேடி, ஸ்டிக்கர் அடித்து ஒட்டுவார்கள். அன்றைக்கு வந்த குழாய்களில் இரண்டில் ஒரே பெயர். திரையிலும் அதே பெயர் இரண்டு முறை, ஒன்றின் கீழ் ஒன்று. எது யாருடையது என்று தெரிய எந்த அடையாளமும் இல்லை. ஒட்டிய பெண் மேலே இருந்ததை முதல் குழாய்க்கும் கீழே இருந்ததை இரண்டாவது குழாய்க்கும் ஒட்டிவிட்டாள். இரண்டும் மாறிப்போய்விட்டது.

முன்பெல்லாம் திரையில் கணவர் பெயர் கூடவே இருக்கும் என்பதால், கிளையில் இருக்கும் பெண்கள் அதைப் பார்த்துக் குழாயிலும் சேர்த்து எழுதுவார்களாம். திரையில் வராமல் போனதும் எழுதுவதும் நின்றுவிட்டது.

அந்த இரண்டு பெண்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு நோயும் இல்லாதவர், வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற பரிசோதனைக்கு வந்தவர். இன்னொருவர் சிறுநீரகம் கெட்டுப்போய் மாத்திரையில் இருப்பவர். காளையார்கோவிலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம்.

வெள்ளிக்கிழமை மதியம் முடிவு வந்தபோது, ஒருவருக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. இதயம் நின்றுவிடக்கூடிய அளவு. லேபில் உடனே கண்டுபிடித்து, விதிப்படி உடனே போனும் போட்டிருக்கிறார்கள். ஆசிரியை வீட்டுக்கு. அவர்கள் அடித்துப்பிடித்து மதுரைக்கு ஓடி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. மறுநாள் காலை அவருடைய மகன் லேபுக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அக்கா பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"இந்தா பாரு" என்று இரண்டு தாள்களை என் முன்னால் போட்டார். "டீச்சருக்கு நாலு வருசமா உப்பு நார்மலு. நேத்து ஒரே நாள்ல ஏறிக் கெடக்கு. இந்த அம்மாவுக்கு ரெண்டு வருசமா ஏறிக்கிட்டே போகுது. நேத்து மட்டும் நார்மலு. கிட்னி ஒரு நாள்ல சரியாகுமா?"

கிட்னி சரியில்லாதவர்களுக்குப் பார்க்கிற கிரியாட்டினினைத்தான் எங்கள் ஊரில் உப்பு என்பார்கள். நான் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். புரிந்துவிட்டது.

"அந்த அம்மாவுக்குப் போன் போட்டீங்களாக்கா?"

"பத்து வாட்டி போட்டாச்சு. எடுக்க மாட்டேங்குறாக."

லேபின் காரை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் கிளம்பினோம். கல்லல் வழியாகக் காளையார்கோவில் போய், அங்கிருந்து உள்ளே போகிற ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் அக்கா போன் அடித்துக்கொண்டே வந்தார். எதிரே வெயிலில் ரோடு கானலாக நெளிந்தது. எனக்குள் ஒரே கணக்கு ஓடியது, நேற்று மதியம் இரண்டு மணிக்கு முடிவு போனதிலிருந்து இப்போது வரை எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று. கூட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "விடியக் காலையில மயக்கம் போட்டு விழுந்துருச்சு. நூத்தியெட்டு வந்து சிவகங்கைக்குத் தூக்கிட்டுப் போயிருக்காக" என்றார். அவசரத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே அது அடித்துக்கொண்டிருந்த சத்தம் வாசல் வரை கேட்டது. அடித்துக்கொண்டிருந்தது அக்காதான்.

சிவகங்கை ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். வழியிலேயே ஒருமுறை இதயம் நின்று, நெஞ்சை அழுத்தித் திரும்ப ஓட வைத்திருக்கிறார்கள். அக்கா உள்ளே போய் டாக்டரிடம் சரியான அளவைச் சொன்னார். ஆனால் சேர்த்த உடனேயே அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களால் ஆக வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

வெளியே படிக்கட்டில் அந்த அம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். நாங்கள் லேபிலிருந்து வருகிறோம் என்று அக்கா சொன்னதும் எழுந்து நின்றார்.

"லேப்ல இருந்தா வாரீக? எங்களுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கேட்டார். அவர் கும்பிட்டதை நான் இன்றைக்கும் மறக்க முடியாமல் தவிக்கிறேன்.

அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்திருக்கும் போல. "நேத்து ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சு தாயி. ரெண்டு வருசத்துல மொதத் தடவை. எம்மக படிச்சுச் சொன்னா, எல்லாம் சரியா இருக்குன்னு. இவளுக்கு அம்புட்டு சந்தோசம். இளநி குடிக்கணும்னு ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டே இருப்பா. டாக்டரு தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாக. நேத்துதான் சரியாயிருச்சேன்னு, நான்தான் ஆள மரத்துல ஏறச் சொல்லி ரெண்டு எறக்கி, வெட்டிக் குடுத்தேன்."

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு, "என் கையாலதான் குடுத்தேன்" என்றார்.

கிட்னி கெட்டவர்களுக்கு இளநீர் ஏன் ஆகாது என்று அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதில் இருப்பதும் பொட்டாசியம்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார். 'தைரியமா இருங்கய்யா' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். தைரியமாக இருங்கள் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன்.

சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து அந்தப் பதினெட்டு வரிகளையும் திரும்பப் போட்டேன். நாலு நிமிடம் ஆனது.

மூன்றாம் நாள் அந்த அம்மா இறந்துவிட்டார்.

லேப் முதலாளி என்னையும் அக்காவையும் என் முதலாளியையும் உட்கார வைத்துப் பேசினார். கெட்டவர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே கிட்னி போய்விட்டது, எப்படியும் ரொம்ப நாள் தாங்காது, இளநீர் வேறு குடித்திருக்கிறார், நாம் போய்ச் சொல்வதால் அவர் திரும்பி வரப்போவதில்லை என்றார். என் முதலாளி தலையாட்டினார். வெளியே வந்து படியிறங்கும்போது, "ஸ்டிக்கர் ரோலு தீந்ததுக்கு நாம என்ன செய்ய? சாப்ட்வேர்ல தப்பு ஒண்ணுமில்லையே" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். சொல்லப்போனால் சில நாள் ஆறுதலாகவும் இருந்தது. நான் டெஸ்ட் பண்ணினேனே, எல்லாம் சரியாகத்தானே வந்தது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் லேபுக்குப் போனபோது அக்காவிடம் கேட்டேன், அந்த வரிகளை எதற்காகப் போட்டார்கள் என்று தெரியுமா என்று.

"தெரியாம என்ன? ஸ்டிக்கர் வந்த புதுசுல, ரோலு தீந்த அன்னைக்கு இதே மாதிரி ரெண்டு பேரு மாறிப்போச்சு. நல்ல வேளை, சக்கரைதான் பாத்தது, ஒண்ணும் ஆகலை. அப்ப நான்தான் உங்க ஆபீஸ் தம்பிட்டச் சொல்லிப் போடச் சொன்னேன்."

ஸ்டிக்கருக்கு முந்தின காலத்துச் சரக்கு என்று நான் நினைத்தது, ஸ்டிக்கர் வந்த பிறகு, ஸ்டிக்கர் கைவிடுகிற நாளுக்காகவே போட்டது. "ஏன்க்கா, நான் எடுக்கும்போது நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனேயே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

சிங்கப்பூரில் இருப்பவரிடம் கேட்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் இருக்கிற லேபில், வாரத்துக்கு இரண்டு நாள் நான் போய்வருகிற இடத்தில், அதைத் தினமும் பயன்படுத்துகிறவரிடம் கேட்கவில்லை. மூன்று மாதத்துப் பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். ஆனால் ரோல் தீர்ந்த நாட்களிலும் அதில் எல்லாம் சரியாகத்தான் பதிவாகியிருந்தது, அந்த வரிகள் வேலை செய்துகொண்டிருந்ததால். எதை எடுக்கலாமா என்று பார்த்தேனோ, அது காப்பாற்றிக் கொடுத்த பதிவுகளை வைத்தே அது தேவையில்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் பொய். சாப்பிட்டேன், தூங்கினேன், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆனால் அந்தப் பெரியவர், 'என் கையாலதான் குடுத்தேன்' என்றது மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. அவர் தன்னால்தான் மனைவி செத்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை என்பது தெரிந்த மூன்று நான்கு பேரில் நான் ஒருத்தி.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் போனேன். யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸில் போனேன். வீட்டில் அந்தப் பெரியவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். மகளுக்கு என் வயதுதான் இருக்கும். என்னை அடையாளம் தெரிந்து, "ஆஸ்பத்திரிக்கு வந்தவுக" என்று பெரியவர் மகளிடம் சொன்னார். மகள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொன்னேன். உங்கள் மனைவியின் ரிப்போர்ட் அல்ல அது, இன்னொருவருடையது, மாறிப்போனதைத் தடுக்கிற ஒரு ஏற்பாடு இருந்தது, அதை எடுத்தது நான், தேவையில்லை என்று நினைத்து எடுத்தேன் என்றேன்.

பெரியவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப அவளுக்குச் சரியாகலையா?" என்றார்.

"இல்லைங்கய்யா. வெள்ளிக்கிழமை காலையிலேயே ரொம்ப ஏறியிருந்துச்சு."

"அப்ப இளநி இல்லையா காரணம்?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்காகத்தானே போனேன். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பொய்யான ரிப்போர்ட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "அதுவும் சேர்ந்திருக்கும்ங்கய்யா. ஆனா சரியான ரிப்போர்ட்டு வந்திருந்தா நீங்க அதைக் குடுத்திருக்க மாட்டீக. அன்னைக்கு மத்தியானமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பீக" என்றேன்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. மகள்தான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஒரு மாசமா எங்கப்பா மூஞ்சியக் குடுத்து யார்ட்டயும் பேசலை. நீங்க இன்னைக்கு வந்து சொல்றீக. சொல்லிட்டு எறக்கி வச்சுட்டுப் போயிருவீக. நாங்க இத எங்க எறக்கி வைக்க?"

மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. எழுந்தேன்.

வாசல் வரை போனபோது பெரியவர் கூப்பிட்டார். முகத்திலிருந்து துண்டை எடுத்திருந்தார். "தாயி, அவ பேருல சரியான ரிப்போர்ட்டு ஒண்ணு குடுப்பீகளா? அன்னைக்கு உள்ளது. எம்பொண்டாட்டிக்கு என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்ல."

கொடுக்கிறேன் என்றேன்.

லேப் முதலாளி கொடுக்க மறுத்தார். கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார். ஆகத்தான் செய்யும். அக்காதான் கடைசியில், யாரையும் கேட்காமல், சரியான அளவுகளோடு ஒரு ரிப்போர்ட்டை அடித்துக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். "என்ன ஆனாலும் ஆகட்டும்" என்றார். நடந்ததையெல்லாம் நான் ஒரு தாளில் எழுதி, என் கையெழுத்தைப் போட்டு அதனோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை தண்ணீர் கொடுக்கவில்லை. அப்பா வயலுக்குப் போயிருக்கிறார் என்றாள்.

அதன் பிறகு அவர்கள் புகார் கொடுத்தார்கள். விசாரணை வந்தது. நான் எழுதிக் கொடுத்ததையே அங்கேயும் சொன்னேன். அந்த லேப் எங்கள் அலுவலகத்தை விட்டுப் போனது, நான் அந்த அலுவலகத்தை விட்டுப் போனேன். அக்காவும் இப்போது அங்கே இல்லை. விசாரணை இன்னும் முடியவில்லை. முடிந்து என்ன வந்தாலும், அது எனக்கு அநியாயம் என்று நான் நினைக்கப்போவதில்லை. அந்தப் பெரியவரை அதற்குப் பிறகு ஒருமுறை காளையார்கோவில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவரும் பார்த்தார். தெரிந்தவர்களைப் பார்த்தால் ஆட்டுகிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் என்னென்னவோ நினைத்துப் பார்த்துவிட்டேன். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

இப்போது வேறொரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே அதே மாதிரி வேலைதான் செய்கிறேன். வேறு வேலை எனக்குத் தெரியாது. பழைய வரிகளைச் சோதித்து எடுக்கச் சொல்லி இங்கேயும் வருகிறது. எடுக்காமல் இருக்க முடியாது, எல்லாவற்றையும் விட்டுவைத்தாலும் ஒருநாள் அதன் பாரத்திலேயே எல்லாம் நின்றுபோகும். அதனால் எடுக்கிறேன். ஆனால் எடுப்பதற்கு முன், அந்தத் திரையின் முன் தினமும் உட்காருகிறவர் யார் என்று தேடிப் போகிறேன். மெஷின் ஓடாத நாளில், கரண்ட் இல்லாத நாளில், ஆள் வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். சிலர் சலித்துக்கொள்வார்கள், சிலர் இது என்ன கேள்வி என்று சிரிப்பார்கள். நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஏனென்றால், அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சோம்பல்பட்டதால், முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்கு இரண்டு வருடத்தில் கிடைத்த ஒரே நல்ல செய்தியைப் பொய்யாகக் கொடுத்தவள் நான் என்பது, எத்தனை வருடம் போனாலும் எந்த விசாரணையிலும் முடியப்போவதில்லை.